பிறந்த மண்ணும் குடியுரிமையும்

நுழையும் முன்

நாம் நிரப்பும் படிவங்கள் பலவற்றில் 'பிறந்த ஊர்' என்று ஒரு கட்டமும் 'சொந்த ஊர்' என்று மற்றொரு கட்டமும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக இருக்கும் மாணவர்களுக்கு இதில் இடர்ப்பாடு எதுவும் இல்லை. ஆனால், பெற்றோரின் பணியிட மாற்றத்தோடு ஊர் ஊராய்ச் செல்லும் நம் மாணவர்களின் நிலை வேறு. ஜலந்தரில் பிறந்து, கொச்சியில் தொடக்கக் கல்வி கற்று, இப்போது குவாஹாட்டியில் படிக்கும் மாணவி ஒருத்தி, சொந்த ஊர் என்னும் கட்டத்தில் திருநெல்வேலி என்று எழுதுகிறாள். அவ்வூரை அவள் கோடை விடுமுறைகளில் மட்டுமே கண்டிருப்பாள். பிறந்த இடத்தால் ஒரு மண்ணுக்கு உரியவள் ஆகிறாளா, பெற்றோரால் ஒரு மண்ணுக்கு உரியவள் ஆகிறாளா?

ஊரைப் பற்றிய இவ்வினாவையே நாடுகளும் கேட்கின்றன. பிறந்த மண்ணைக் கொண்டு குடியுரிமை வழங்குவது ஒரு முறை; இதனை மண்வழி உரிமை எனலாம். பெற்றோரின் குடியுரிமையைக் கொண்டு வழங்குவது மற்றொரு முறை. இதனைக் குருதிவழி உரிமை எனலாம். மண்வழி உரிமையை அரசமைப்பிலேயே எழுதி வைத்த நாடு அமெரிக்கா. அது எழுதப்பட்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

'குடிமகன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் வகுப்பில் சிரிப்பலை எழுவதை அறிவேன். திரைப்பட நகைச்சுவை அச்சொல்லுக்குச் செய்த கேடு அது. 'குடி' என்பது குடும்பத்தையும், குலத்தையும், ஊரையும், ஆளப்படும் மக்களையும் குறிக்கும் மிகப் பழைய தமிழ்ச்சொல். இந்தச் சொல்லுக்கு உரியவராக ஏற்கப்படாத ஒருவர் பதினோர் ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். நம் பாடம் அவரிடமிருந்து தொடங்குகிறது.

டிரெட் ஸ்காட்

டிரெட் ஸ்காட் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். ஜான் எமர்சன் என்னும் படைத்துறை மருத்துவர் அவரை விலைக்கு வாங்கினார். எமர்சனுக்குப் பணியிடம் மாறியபோதெல்லாம் ஸ்காட்டும் உடன் சென்றார். அவ்வாறு அவர்கள் வாழ்ந்த இடங்களுள் ஒன்று இலினாய் மாநிலம். அங்கே அடிமை முறை கிடையாது. மற்றொன்று, இன்றைய மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஸ்நெல்லிங் கோட்டை. அப்பகுதியிலும் அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்தது. அக்கோட்டையில்தான் ஸ்காட் ஹாரியட் என்னும் பெண்ணை மணந்தார். பின்னர் அக்குடும்பம் அடிமை முறை நிலவிய மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்குத் திரும்பியது.

எமர்சன் இறந்த பிறகு, 1846ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டிரெட், ஹாரியட் இருவரும் தம் விடுதலையைக் கோரி வழக்குத் தொடுத்தனர். விடுதலை மண்ணில் வாழ்ந்த அடிமை, மீண்டும் அடிமை மண்ணுக்கு வந்தாலும் விடுதலை பெற்றவரே என்பது மிசௌரி நீதிமன்றங்கள் முன்பு பின்பற்றிய நெறி. ஆகவே, வழக்கு எளிதில் முடிந்திருக்க வேண்டும். 1850இல் கீழ் நீதிமன்றம் அவர்களை விடுதலை பெற்றவர்கள் என்று அறிவிக்கவும் செய்தது. ஆனால், 1852இல் மாநில உயர்நிலை நீதிமன்றம் அதனை மாற்றியது. காலம் மாறிவிட்டது என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. பிறகு வழக்கு கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குச் சென்றது. எதிர்வழக்காளரின் பெயர் சான்ஃபோர்டு. ஆவணத்தில் எழுத்துப் பிழையாக ஓர் எழுத்துக் கூடிப்போய், 'டிரெட் ஸ்காட் எதிர் சாண்ட்ஃபோர்டு' என்றே அவ்வழக்கு வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஒற்றெழுத்துக்கு ஏன் மதிப்பெண் குறைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் இதனை நினைவில் கொள்க.

1857 மார்ச் 6ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதிய தீர்ப்பை ஒன்பதின்மருள் எழுவர் ஏற்றனர். ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள், அடிமையாக இருப்பினும் விடுதலை பெற்றிருப்பினும், அமெரிக்கக் குடிமக்கள் ஆகமாட்டார்கள். ஆதலால், கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் தகுதியே ஸ்காட்டுக்கு இல்லை என்றது அத்தீர்ப்பு. புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடை செய்ய நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்றும் கூறியது.

மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதிபதி பெஞ்சமின் கர்டிஸ். அவர் உணர்ச்சி மொழியில் வாதிடாமல் வரலாற்றுச் சான்றை முன்வைத்தார். நாடு உருவான காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் வாக்களித்துள்ளனர். வாக்களித்து நாட்டை உருவாக்கியவர்கள் அந்நாட்டின் குடிமக்கள் அல்லர் என்பது எவ்வாறு பொருந்தும் என வினவினார். அவ்வாண்டிலேயே அவர் உச்ச நீதிமன்றப் பதவியைத் துறந்தார். ஸ்காட் குடும்பத்தைப் பொறுத்தவரை, அவருடைய முதல் உரிமையாளரின் மகன் டெய்லர் புளோ 1857 மே மாதத்தில் அவர்களை விடுவித்தார். ஆனால், விடுதலைக் காற்றை ஸ்காட் நெடுநாள் நுகரவில்லை. 1858 செப்டம்பரில் காசநோயால் இறந்தார்.

விடுதலைக்குப் பின் வந்த புதிய தளைகள்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரையும், அதன் முடிவில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்ததையும் நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் கற்பீர்கள். நமக்கு வேண்டியது அதன் பின் நிகழ்ந்தது.

அடிமை முறை ஒழிந்த சில மாதங்களுக்குள் தென் மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்கள்' எனப்படும் சட்டங்களை இயற்றின. மிசிசிப்பி மாநிலத்தில், விடுதலை பெற்ற ஒவ்வொருவரும் ஜனவரி மாதத்தில் தமக்கு வீடும் வேலையும் உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டு நீங்கினால், அதுவரை உழைத்த கூலியும் போய்விடும். வேலையற்றுத் திரிபவர் என்று கருதப்பட்டவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தைக் கட்ட இயலாதவர், அதனைக் கட்டுபவரிடம் வேலைக்கு அமர்த்தப்பட்டார். தண்டத்தைக் கட்ட முன்வருபவர் பெரும்பாலும் யாராக இருந்திருப்பார் என்பதை நீங்களே உய்த்துணரலாம். விலங்கு கழன்றது, அதன் இடத்தில் தாள் வந்தது.

இதனை மாற்ற நாடாளுமன்றம் 1866இல் குடிமை உரிமைச் சட்டத்தை இயற்றியது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதற்கு ஒப்புதல் மறுத்தார். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அம்மறுப்பைக் கடந்தன; ஏப்ரல் 9ஆம் நாள் அது சட்டமாயிற்று. எனினும் ஓர் அச்சம் எஞ்சியது. இன்றைய பெரும்பான்மை இயற்றும் சட்டத்தை நாளைய பெரும்பான்மை நீக்கிவிடலாம். டானியின் தீர்ப்பைப் போன்ற ஒரு தீர்ப்பு அதனைச் செல்லாததாக்கிவிடலாம். ஆகவே, அரசமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தனர்.

ஒரு பிரிவு, இரண்டு சொற்கள்

இரு அவைகளையும் சேர்ந்த பதினைவர் குழு திருத்தத்தை வரைந்தது. அதன் முதற்பிரிவின் பெரும்பகுதி ஒகையோவைச் சேர்ந்த ஜான் பிங்காம் எழுதியது. குடியுரிமையை வரையறுக்கும் தொடக்க வாக்கியம் முதல் வரைவில் இல்லை. செனட் அவையில் மிச்சிகனைச் சேர்ந்த ஜேக்கப் ஹோவர்டு அதனை முன்மொழிந்தார்.

அப்பிரிவின் பொருளை நம் சொற்களில் கூறுவோம். அமெரிக்காவில் பிறந்தவர்களும், அங்கே குடியுரிமை வழங்கப்பெற்றவர்களும், அந்நாட்டின் ஆள்வரைக்கு உட்பட்டவர்களாயின், அந்நாட்டின் குடிமக்கள். தாம் வாழும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர். குடிமக்களின் உரிமைகளை எந்த மாநிலமும் குறைக்கலாகாது. முறையான சட்ட நடைமுறையின்றி எந்த ஆளின் உயிரையும் உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது. தன் ஆள்வரைக்குள் இருக்கும் எந்த ஆளுக்கும் சட்டங்களின் சமப் பாதுகாப்பை மறுக்கலாகாது.

சொல்லாட்சியைக் கூர்ந்து நோக்குக. முதலிரண்டு கருத்துகளில் 'குடிமக்கள்' என்னும் சொல் வருகிறது. பின்னிரண்டில் அச்சொல் இல்லை. 'ஆள்' என்றே உள்ளது. இலக்கணம் கற்பிப்பவர் என்னும் முறையில், ஓர் ஆவணத்தில் சொல் மாறும்போது பொருளும் மாறுகிறது என்று நான் அடிக்கடி வற்புறுத்துவேன். அதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை. இம்மாற்றம் பின்னர் ஒரு சலவைத் தொழிலாளியைக் காத்ததைக் காண்போம்.

1866 மே மாத இறுதியில் நடந்த செனட் விவாதத்தில் பென்சில்வேனியாவின் எட்கர் கவன் ஒரு வினா எழுப்பினார். கலிபோர்னியாவில் சீனருக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகன் ஆகிவிடுமா என்பதே அது. வினாவில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. அதற்கு விடையிறுத்தவர் கலிபோர்னியாவின் ஜான் கானஸ். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஆம், அக்குழந்தைகளும் குடிமக்களே. அதனை நான் ஏற்கிறேன் என்றார் அவர். திருத்தத்தை எழுதியவர்கள் அதன் விளைவை அறியாமல் எழுதிவிட்டனர் என்று பிற்காலத்தில் கூறுபவர்களுக்கு இவ்வுரையாடலே மறுமொழி.

1866 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. டென்னசி நீங்கலாகத் தென் மாநிலங்கள் அதனை ஏற்க மறுத்தன. மீண்டும் நாடாளுமன்றத்தில் இடம்பெற வேண்டுமாயின் ஏற்றாக வேண்டும் என்று 1867இல் சட்டம் கட்டளையிட்டது. அன்றிருந்த 37 மாநிலங்களில் தேவையான 28 மாநிலங்களின் ஒப்புதல் 1868 ஜூலை 9ஆம் நாள் நிறைவுற்றது.

விடுபட்டவர்கள்

திருத்தத்தின் இரண்டாம் பிரிவு வாக்குரிமை பற்றியது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் மாநிலத்திற்கு நாடாளுமன்ற இடங்கள் குறைக்கப்படும் என்றது. அப்பிரிவில் 'ஆண்' என்னும் சொல் முதன்முறையாக அமெரிக்க அரசமைப்பில் இடம்பெற்றது. அடிமை ஒழிப்புக்காக உழைத்த எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. அந்தோணி போன்ற பெண்கள் இதனால் கொதித்தெழுந்தனர். 1872 தேர்தலில் அந்தோணி, 'நான் குடிமகள்; ஆகவே வாக்களிப்பேன்' என்னும் கருத்தோடு ராச்செஸ்டர் நகரில் வாக்களித்தார். நீதிமன்றம் 100 டாலர் தண்டம் விதித்தது. அவர் அதனை இறுதிவரை கட்டவில்லை. பெண்கள் குடிமக்களே, ஆயினும் குடியுரிமை வாக்குரிமையைத் தாராது என்று 1875இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்கள் 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மண்ணின் தொல்குடியினருக்கு நேர்ந்தது இன்னும் வியப்புக்குரியது. பழங்குடியில் பிறந்து, பின் அக்குடியை விட்டு நீங்கி ஒமாகா நகரில் வாழ்ந்தவர் ஜான் எல்க். அவர் வாக்காளராகப் பதிய முயன்றபோது மறுக்கப்பட்டார். பிறக்கும்போது முழுமையாக அமெரிக்காவின் ஆள்வரைக்கு உட்படாததால் அவர் குடிமகன் அல்லர் என்று 1884இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்வழி உரிமை கூறும் நாட்டில், அம்மண்ணுக்கு எல்லாரினும் முந்தியவர்கள் அயலார் ஆயினர். 1924இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமே தொல்குடியினர் அனைவரையும் குடிமக்கள் ஆக்கியது.

சலவை நிலையமும் நீராவிக் கப்பலும்

சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் 1880இல் ஒரு விதி இயற்றியது. மரக் கட்டடத்தில் சலவை நிலையம் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்பதே அது. தீவிபத்தைத் தடுப்பதற்கான விதி என்று தோன்றும். அதில் சீனர் என்னும் சொல்லே இல்லை. ஆனால், விண்ணப்பித்த ஏறத்தாழ இருநூறு சீனர்களுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. சீனர் அல்லாத எண்பதின்மர் அளவில், ஒருவர் நீங்கலாக, அனைவருக்கும் உரிமம் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்த ஒரு சீனர் உரிமமின்றி நிலையத்தை நடத்தியதற்காகச் சிறையிடப்பட்டார். அவருடைய வழக்கு நிலையத்தின் பெயரால் 'யிக் வோ வழக்கு' என்று அறியப்படுகிறது.

அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர். அன்றைய சட்டப்படி ஆகவும் முடியாது. ஆனால், அவர் ஓர் 'ஆள்'. சமப் பாதுகாப்பு ஆளுக்கு உரியது, குடிமகனுக்கு மட்டும் உரியதன்று என்று 1886இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. சட்டத்தின் எழுத்து நடுநிலையாக இருந்தாலும், அதனைச் செயற்படுத்தும் கை ஓரவஞ்சனை செய்தால் அதுவும் திருத்தத்தை மீறுவதே என்றும் தெளிவுபடுத்தியது.

அடுத்து, கவன் கேட்ட அதே வினா உயிருள்ள மனிதராகவே நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. வோங் கிம் ஆர்க் 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் தொழிலாளி. சீனத் தொழிலாளர் அமெரிக்காவிற்குள் வருவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1895 ஆகஸ்டில், சீனாவில் உறவினரைக் கண்டு திரும்பிய வோங்கைத் தரையிறங்க விடாமல் அதிகாரிகள் தடுத்தனர். தான் பிறந்த நகரின் துறைமுகத்தைக் கண்முன் கண்டுகொண்டே, அவர் பல மாதங்கள் கப்பல்களில் அடைபட்டிருந்தார்.

1898 மார்ச் 28ஆம் நாள், ஆறு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். அரசதூதரின் குழந்தைகள், பகைநாட்டுப் படையினரின் குழந்தைகள், தொல்குடியினர் போன்ற சிலர் நீங்கலாக, அம்மண்ணில் பிறந்த அனைவரும் குடிமக்களே; பெற்றோரின் நாடு எதுவென்பது பொருட்டன்று என்பது தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஹோரேஸ் கிரே. ஜான் எல்க்குக்குக் குடியுரிமை இல்லை என்று எழுதியவரும் இவரே! எதிர்த்த இருவருள் ஒருவர் நீதிபதி ஹார்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1896இல், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனித் தொடர்வண்டிப் பெட்டிகள் இருக்கலாம் என்று நீதிமன்றம் கூறிய பிளெஸ்ஸி வழக்கில், தனியொருவராக நின்று அதனை மறுத்தவர் இந்த ஹார்லன். மாந்தரை நல்லவர், தீயவர் என்று இரு பெட்டிகளில் அடைக்க விரும்பும் மாணவர்கள் இவ்விருவரிடமும் தோற்றுப்போவார்கள்.

பிளெஸ்ஸி தீர்ப்பின் நிழல் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. பள்ளிகளும் பூங்காக்களும் குடிநீர்க் குழாய்களும் தனித்தனியாயின. 1954 மே 17ஆம் நாள், பிரவுன் வழக்கில், பள்ளிக் குழந்தைகளை இனத்தால் பிரிப்பது சமப் பாதுகாப்புக்கு முரணானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். திருத்தத்தின் சொற்கள் 1868இல் இருந்தவையே. ஓர் எழுத்தும் மாறவில்லை.

நம் நாட்டோடு உள்ள தொடர்பு

பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த், 1913இல் அமெரிக்கா சென்றவர். முதல் உலகப் போரின்போது அந்நாட்டுப் படையில் பணியாற்றியவர். வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெறவேண்டுமாயின் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க மரபினராகவோ இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் கூற, அவருக்கு வழங்கப்பட்டிருந்த குடியுரிமை பறிபோனது. வோங் கிம் ஆர்க் தீர்ப்பின்படி, அம்மண்ணில் பிறக்கும் இந்தியக் குழந்தை குடிமகன். அக்குழந்தையின் தந்தையோ குடிமகன் ஆக இயலாதவர். ஒரே வீட்டுக்குள் சட்டம் கோடு கிழித்தது. இந்தியர் குடியுரிமை பெற 1946ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

நம் அரசமைப்பின் 14ஆம் உறுப்பில் 'சட்டத்தின் முன் சமன்மை', 'சட்டங்களின் சமப் பாதுகாப்பு' என்னும் இரு தொடர்கள் உள்ளன. பின்னதன் மூலம் அமெரிக்கத் திருத்தமே. எண்ணும் 14 என்று அமைந்தது தற்செயல். நம் 14ஆம் உறுப்பும் குடிமகனைக் கூறவில்லை, ஆளையே கூறுகிறது. ஓரிடத்தில் நம்மவர் முன்னோடியைத் தாண்டிச் சென்றனர். விடுதியும் நாடக அரங்கும் நடத்தும் தனியார் செய்யும் பாகுபாட்டைத் தம் திருத்தம் தடுக்காது, அரசின் செயலையே தடுக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இல் கூறியிருந்தது. நம் அரசமைப்பின் 15ஆம் உறுப்போ கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 17ஆம் உறுப்பு, எவர் கடைப்பிடித்தாலும் தீண்டாமையை ஒழிக்கிறது. கிணற்றடியில் தடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்தவர்கள் எழுதிய சொற்கள் அவை.

குடியுரிமையில் நாம் வேறு வழியில் வந்துள்ளோம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய மண்ணில் பிறந்தவர், சில விலக்குகள் நீங்கலாக, இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராக இருத்தலும் கூடாது. இன்று இவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுக்குப் பொருந்துவது இம்மூன்றாம் விதியே.

அமெரிக்காவிலும் அப்பழைய வினா ஓயவில்லை. 2025 ஜனவரி 20ஆம் நாள், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். சட்டத்துக்குப் புறம்பாக அங்கு இருப்போரின் குழந்தைகளும், மாணவராகவோ பணியாளராகவோ தற்காலிக இசைவில் இருப்போரின் குழந்தைகளும் பிறப்பால் குடிமக்கள் ஆகார் என்றது அது. உடனே வழக்குகள் தொடுக்கப்பட்டன. கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்து நிறுத்தின. தற்காலிகப் பணி இசைவில் அங்கு வாழும் குடும்பங்களுள் பெருந்தொகையினர் இந்தியர். அவ்வழக்குகளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்ட பெயர், கப்பலில் காத்திருந்த அந்தச் சமையல் தொழிலாளியின் பெயர்.

பயிற்சி

1. 'குடிமக்கள்', 'ஆள்' என்னும் இரு சொற்களுள் யிக் வோ வழக்கில் பயன்பட்டது எது? ஏன்?

2. டிரெட் ஸ்காட் வழக்கில் நீதிபதி கர்டிஸ் முன்வைத்த வாதத்தை உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

3. 'விலங்கு கழன்றது, அதன் இடத்தில் தாள் வந்தது' - இத்தொடரின் பொருளைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

4. பிரித்து எழுதுக: குடியுரிமை, பதினைவர், சமன்மையை, ஆள்வரைக்குள்.

5. உம் வகுப்புத் தோழர் அறுவரிடம் பிறந்த ஊர், சொந்த ஊர், இதுவரை படித்த ஊர்கள் ஆகியவற்றைக் கேட்டு அட்டவணைப்படுத்துக. 'உன் ஊர் எது?' என்று கேட்டால் அவர்கள் எந்த ஊரைக் கூறுகிறார்கள், ஏன் என்பதை ஒரு பத்தியில் எழுதுக.